இருபத்து நான்காவது சொல்

லுப்பர்ட்டுக்கு வருகிற சனிக்கிழமை ஐம்பது முடிகிறது. எங்கள் எல்டர்வோல்ட கிராமத்தில் ஐம்பது என்பது லேசுப்பட்ட விஷயமில்லை. ஐம்பது முடித்தவன் பைபிளில் வரும் கிழவர் ஆபிரகாமைக் கண்டுவிட்டான் என்பார்கள். அன்றைக்குப் பொழுது விடிவதற்குள் அக்கம்பக்கத்துக்காரர்கள் பூனை மாதிரி வந்து, அவன் சாயலிலேயே ஆளைவிட உயரமான ஆபிரகாம் பொம்மை ஒன்றை அவன் வாசலில் நட்டுவிடுவார்கள். சுற்றிலும் பலூன் கட்டி, ஒரு வாரத்துக்கு அவன் மானத்தைக் காற்றில் பறக்கவிடுவார்கள். இதைச் செய்யாதவன் அண்டை வீட்டுக்காரன் என்று சொல்லிக்கொள்ளவே லாயக்கில்லை.

லுப்பர்ட் முன்கூட்டியே கறாராகச் சொல்லிவிட்டார். "எனக்குப் பொம்மையும் வேணாம், பலூனும் வேணாம். பலூன் ஒழிப்பு இயக்கத்துக்குத் தலைவர் நான். என் வாசல்லயே பலூன் தொங்கினா ஊர் சிரிக்காதா?"

பக்கத்து வீட்டு ஹார்ம், "வேணாம்னா விடுப்பா, எங்களுக்கும் வேலை மிச்சம்" என்றார். மனைவி ரூலி, "யாரும் ஒண்ணும் பண்ணமாட்டாங்க, நீ பேசாம இரு" என்றார். இந்த ஊரிலேயே பிறந்து இந்த ஊரிலேயே வளர்ந்த மனிதர் இதை நம்பினார் பாருங்கள், அதைத்தான் இன்று வரைக்கும் எங்களால் நம்ப முடியவில்லை.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுச் சொந்தபந்தம் எல்லாம் காபியும் கேக்குமாக உட்காரும்போது, அதில் ஒரு நாற்காலியில் மகன் யெல்மர் இருக்க வேண்டும். பத்தொன்பது வயதுப் பிள்ளை. மார்ச் மாதம் பையைத் தூக்கிக்கொண்டு க்ரோனிங்கனில் அத்தை வீட்டுக்குப் போனவன், ஆறு மாதமாக அப்பனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவிடம் பேசுவான். அப்பா பக்கத்தில் நிற்பது தெரிந்தால் வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிடுவான்.

அதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் இலையுதிர் காலம், தடைச் சட்டம் வருவதற்கு முன்பு, சிரிப்பு வாயு சிலிண்டர் சர்க்கரை மாதிரி எங்கும் கிடைத்தது. பையன்கள் காரில் வைத்து பலூனில் நிரப்பிப் போதைக்கு இழுத்தார்கள். யெல்மரும் இழுத்தான். முதலில் சனிக்கிழமை மட்டும், அப்புறம் வாரம் முழுக்க. நவம்பரில் ஒருநாள் மாடிப்படி இறங்கும்போது கால் எங்கே படுகிறது என்று தெரியாமல் உருண்டு விழுந்தான். நரம்பு கெட்டுவிட்டது என்றார் டாக்டர். ஊசி, உடற்பயிற்சி, ஊன்றுகோல் எல்லாம் ஆகி, பிள்ளை ஒருவழியாகத் தேறிவிட்டான்.

தேறியதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. லுப்பர்ட் எதையும் அரைகுறையாகச் செய்பவர் அல்ல. பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். ஒரு திருகாணி குறைந்தாலும் சோறு இறங்காது. "எதிரிய ஜெயிக்கணும்னா முதல்ல அவன் பாஷை தெரியணும்" என்று சொல்லிக் குறிப்பேட்டோடு கிளம்பிவிட்டார். இந்த வாயுவுக்கு இளவட்டங்கள் என்னென்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பஸ் நிறுத்தத்திலும் கால்பந்துத் திடலிலும் உருளைக்கிழங்கு வறுவல் கடையிலும் நின்று கேட்டார்.

முதல் சில சொற்கள் அசல்தான். குட்டி பலூன், டாங்க், தோட்டா. எங்கள் ஆட்களுக்கு எதையும் குட்டியாக்கிச் சொன்னால்தான் திருப்தி. குட்டி காபி, குட்டி பீர், குட்டி சண்டை. குட்டி என்று சொல்லிவிட்டால் கடிக்காது என்று ஒரு நினைப்பு. "பலூன்னு சொன்னா அம்மா பயப்படுவா, குட்டி பலூன்னு சொன்னா பிறந்தநாள்னு நெனச்சுப்பா" என்று லுப்பர்ட் மேடையில் சொன்னபோது நகராட்சி அதிகாரிகளே எழுதிக்கொண்டார்கள். அதுவரைக்கும் நியாயமாகத்தான் போயிற்று.

அப்புறம் பையன்களுக்கு நல்ல ஆள் அகப்பட்டுவிட்டது. குறிப்பேட்டோடு ஒருவர் வந்து நின்றால் யாருக்குத்தான் கை அரிக்காது? வாய்க்கு வந்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டார்கள். பதினேழாவது சொல் 'ஞாயிற்றுக்கிழமை சூப்'. அதுவும் சிரிப்பு வாயுதான் என்று சத்தியம் பண்ணினார்களாம். லுப்பர்ட் அதையும் எழுதி, கூட்டத்தில் எழுந்து, "உங்க பையன் ஞாயித்துக்கெழம சூப் குடிக்கப் போறேன்னு சொன்னா உஷாரா இருங்க" என்று எச்சரித்தார். ஞாயிற்றுக்கிழமை சூப் வைக்காத வீடு எங்கள் ஊரில் ஏது? மூன்று தாய்மார்கள் ஒரு மாதம் சூப்பை நிறுத்திவைத்தார்கள். மொத்தம் இருபத்து மூன்று சொற்கள். லேமினேட் செய்து ஊர் மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் தொங்கவிட்டார்.

சொற்களோடு கதையும் சொன்னார். யாருடைய கதை? மகனுடையதுதான். "என் சொந்தப் பையன், பேரு யெல்மர், தன் கால தானே உணர முடியாம மாடிப்படியில உருண்டான்" என்று ஆரம்பித்தால் மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். நான்கு ஊர்களில் நான்கு மேடை. நான்காவது மேடைக்கு மாவட்டப் பத்திரிகை வந்திருந்தது. மறுநாள் காலை யெல்மரின் பள்ளிக்கூடத்துப் புகைப்படம், பெயர், அவன் படுக்கையை நனைத்த விஷயம் உட்பட எல்லாம் அச்சில் வந்தது.

"என்ன ஒரு வார்த்தை கேட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான் பிள்ளை.

"நாலு பிள்ளைங்க பிழைக்கட்டும்னுதானேடா" என்றார் லுப்பர்ட், மூடிய கதவைப் பார்த்து.

இதுதான் நிலவரம். வெள்ளிக்கிழமை மாலை ஊர் மன்றத்தில் பெரிய கூட்டம். சட்டம் வந்து ஒன்பது மாதமாகியும் சாலையோரப் பள்ளங்களில் சிலிண்டர்கள் கிடக்கின்றன, குப்பை எரிக்கும் ஆலையில் அவை வெடிக்கின்றன, என்ன செய்யலாம் என்று மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம். வானொலிக்காரர்கள் வருகிறார்கள். முதல் பேச்சாளர் லுப்பர்ட். அதற்கு மறுநாள் பிறந்தநாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும். லுப்பர்ட் ஏணி மேல் நின்று மழைநீர்க் குழாயில் அடைத்திருந்த இலைகளை வாரிக்கொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் ஹார்மின் கன்றுக்குட்டிக் கொட்டகை நேர் எதிரே. கொட்டகைக்குள்ளிருந்து 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பின்னாலேயே சிரிப்பு. லுப்பர்ட்டின் கை அப்படியே நின்றது. மறுபடி புஸ்ஸ்ஸ், மறுபடி சிரிப்பு, அதுவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. கதவு திறந்தது. மாதா கோயிலில் ஆர்கன் வாசிக்கும் ஹில்லி, எழுபத்தொரு வயது, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, நாலு பக்கமும் திருதிருவென்று பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனார். கையில் ஊதாத பலூன் கட்டு.

"கடவுளே, ஹில்லியுமா" என்றார் லுப்பர்ட் ஏணியிடம்.

அப்போதுதான் கொட்டகைக்குப் பின்னால் சாத்தியிருந்த நீல மொபெட் கண்ணில் பட்டது. அதன் பின்பக்க மட்கார்டில் உள்ள ஒட்டு அவரே வைத்த ஒட்டு. முதலில் நெஞ்சு துள்ளியது. வந்துவிட்டான், பிள்ளை ஊருக்கு வந்துவிட்டான். ஆனால் வந்தவன் வீட்டுக்கு வரவில்லை. எங்கே போயிருக்கிறான் பார். அந்த நவம்பர் மாதக் காலைகள் எல்லாம் ஒன்றாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்தன. பயத்தில் மனிதனுக்குப் புத்தி எங்கே வேலை செய்யும், விரல்தான் வேலை செய்யும். ஏணி மேல் நின்றபடியே போனை எடுத்தார்.

ஊர்க் காவல் வாட்ஸாப் குழுவில் நூற்று நாற்பத்தெட்டுப் பேர். வீதி முனையிலேயே பலகை வைத்திருக்கிறோம், இங்கே அண்டை வீட்டார் கண்காணிக்கிறார்கள் என்று. லுப்பர்ட் எழுதினார்: 'அவசரம். ஹார்ம் வீட்டுக் கொட்டகையில் டாங்க் ஓடுகிறது. குட்டி பலூன் நடக்கிறது. பெரியவர்களும் இருக்கிறார்கள். என் மகன் யெல்மரும் உள்ளே. பழையபடி ஆரம்பித்துவிட்டான்.' அனுப்பிவிட்டு வட்டாரக் காவலர் ஷரீத்தாவுக்குப் போன் போட்டார்.

ஷரீத்தாவின் குடும்பம் சுரிநாமிலிருந்து வந்தது. அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் அசென் பக்கம். நிதானமான பெண்மணி. கால் மணியில் வண்டியை நிறுத்தி இறங்கினார்.

"லுப்பர்ட், இந்த மாசம் எனக்குப் பதினோரு புகார் வந்திருக்கு. அதுல ஒம்பது உங்களுது. போன தடவ பூனை."

"பூனை மூச்சுவிட்ட சத்தம் வாயு மாதிரியே இருந்துச்சு. இது அப்படியில்ல. கேளுங்க."

புஸ்ஸ்ஸ். ஷரீத்தாவின் புருவம் உயர்ந்தது. இரண்டு பேரும் நடந்துபோய்க் கொட்டகைக் கதவைத் திறந்தார்கள்.

உள்ளே லுப்பர்ட் நின்றுகொண்டிருந்தார். இரண்டரை மீட்டர் உயர லுப்பர்ட். மரச் சட்டத்தில் வைக்கோல் திணித்து, போன மாதம் காணாமல் போன அவருடைய ஆரஞ்சு மழைக்கோட்டு மாட்டி, கழுத்தில் கதவு அகலத்துக்கு ஒரு சொற்பட்டியல் தொங்கவிட்டிருந்தது. மூக்கும் மூக்குக்கண்ணாடியும் அச்சு அசல். வாய் இருக்க வேண்டிய இடத்தில் பழைய தூங்கும் பையிலிருந்து வெட்டிய ஜிப் ஒன்று. ஹில்லி அதை இழுத்துத் திறந்து மூடிக் காட்டித்தான் எல்லாரும் அந்தச் சிரிப்புச் சிரித்திருக்கிறார்கள். டிராக்டர் டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸரில் ஹார்ம் பலூன் ஊதிக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகிறேன் என்று காலையில் டிபன் கட்டிக்கொண்டு கிளம்பிய ரூலி, கைநிறையப் பலூனோடு நின்றார். பொம்மையின் முகத்துக்கு எதிரே முக்காலி மேல், கையில் தூரிகையோடு யெல்மர்.

ஷரீத்தா கம்ப்ரஸரின் குழாயை எடுத்து உள்ளங்கையில் ஒரு தடவை அடித்துப் பார்த்தார். "இது காத்து" என்றார்.

"டயர்க் காத்து, நல்ல சரக்கு" என்றார் ஹார்ம். "ஏன்யா, கெடுத்துட்டியே. சனிக்கெழம வரைக்கும் பொறுக்க முடியலயா உனக்கு?"

லுப்பர்ட்டுக்கு அசடு வழிந்தது. ஆனால் அதுகூட ஒரு நொடிதான். அடுத்து ஒரு சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி ஆபிரகாமுக்கு முகம் எழுதுவது பெற்ற பிள்ளையின் வேலை. யெல்மர் வந்திருக்கிறான். அவர் முகத்தை எழுத வந்திருக்கிறான். "யெல்மர்" என்று கூப்பிட வாயெடுத்தார்.

அப்போது ஐந்து பேருடைய பையிலும் போன் ஒன்றாகக் கிணுகிணுத்தது; முதல் தடவை அடித்தது கம்ப்ரஸர் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்கவில்லை. குழுவில் யாரோ பதில் போட்டிருந்தார்கள்: 'ஐயோ, அந்தப் பையன் மறுபடியுமா? அவன் அம்மா பாவம்.' யெல்மர் தன் போனை எடுத்துப் படித்தான். மேலே தள்ளி, அப்பா எழுதியதையும் படித்தான்.

"லுப்பர்ட் பண்ணிட்டாரு" என்றான் ஹார்மைப் பார்த்து.

"என்னடா அது, லுப்பர்ட் பண்றது?" என்று கேட்டார் லுப்பர்ட். ஹில்லி பலூன்களை எண்ண ஆரம்பித்தார். கடைசியில் ஷரீத்தாதான் தொண்டையைச் செருமினார்.

"பசங்க பேச்சு. அசென் பள்ளிக்கூடத்துல எல்லாம் சொல்றாங்க. ஒருத்தரப் பத்தின விஷயத்த, அவங்களக் கேக்காம, மைக்கப் புடிச்சு ஊருக்கே சொல்றதுக்குப் பேரு லுப்பர்ட் பண்றது. போன வாரம் என் பொண்ணு பரீட்சையில ஃபெயில்னு என் தங்கச்சிகிட்ட சொன்னேன். 'அம்மா, லுப்பர்ட் பண்ணாத'ன்னா. யாரு அந்த லுப்பர்ட்னு அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லல."

யெல்மர் தூரிகையைத் தண்ணீரில் கழுவி, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான். "முகம் முடிஞ்சுது ஹார்ம். காது மட்டும் பாக்கி. அது அவருக்கு எப்பவுமே பாக்கிதான்."

மொபெட் சத்தம் வீதி முனை வரைக்கும் கேட்டது.

வீட்டுக்கு வந்து லுப்பர்ட் அந்தச் செய்தியை அழித்தார். அதற்குள் நூற்றுப் பன்னிரண்டு பேர் படித்திருந்தார்கள். 'தவறான தகவல், அது டயர்க் காற்று, என் மகன் ஒரு தப்பும் செய்யவில்லை, மன்னிக்கவும்' என்று இன்னொன்று போட்டார். அதற்குப் பத்துப் பேர் சிரிக்கிற முகம் அனுப்பினார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ரூலி பாத்திரங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார், சத்தமாக. "அவன வரவைக்க ஹார்ம் எத்தன தடவ போன் போட்டார் தெரியுமா? நாலு தடவ. நானே கேட்டா வரமாட்டான்னு அவர விட்டுக் கேக்க வச்சேன். வந்தான். காலையிலேர்ந்து உன் மூக்க மூணு தடவ அழிச்சு எழுதினான், சரியா வரணும்னு."

"பயந்துட்டேன் ரூலி. மறுபடியும் விழுந்துடுவான்னு பயந்துட்டேன்."

"தெரியும். நானும்தான் பயப்படறேன், தெனமும். அதுக்காக மைக் தேடறேனா? அது அவன் காலு, லுப்பர்ட். உன் கால் இல்ல."

அன்றிரவு அவர் தூங்கவில்லை என்று சொன்னால் அது வழக்கமான கதை. மனிதர் நன்றாகத் தூங்கினார். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, காலியாக இருக்கிற பிள்ளையின் அறைக்குள் போய் அரைமணி நேரம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை ஏழரை. ஊர் மன்றம் நிரம்பி வழிந்தது. எங்கள் வழக்கப்படி முதலில் காபி, ஆளுக்கு ஒரு பிஸ்கட், உடனே டப்பா மூடப்பட்டது. தலைமை யான்டினா. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அவர் முன்னால் ஒரு மணி. பேச்சாளருக்கு மூன்று நிமிடம், மூன்று முடிந்தால் மணி, மணி அடித்தால் பிரதமரானாலும் உட்கார வேண்டும். குப்பை ஆலைக்காரர் ஒருவர் ஓட்டையான கொதிகலனின் படம் காட்டினார். வானொலிப் பெண் ஒலிவாங்கியை மேடையருகே நகர்த்தி வைத்தாள், முதல் பேச்சாளருக்காக.

"லுப்பர்ட். மூணு நிமிஷம்" என்றார் யான்டினா.

லுப்பர்ட் எழுந்தார். கையில் லேமினேட் செய்த பட்டியல். மண்டபம் அமைதியானது, அடுத்து என்ன வரும் என்று எல்லாருக்கும் மனப்பாடம். மாடிப்படி வரும், ஊன்றுகோல் வரும், முன்வரிசைப் பெண்கள் கைக்குட்டையை எடுப்பார்கள்.

"இதுல இருபத்து மூணு சொல்லு இருக்கு" என்று ஆரம்பித்தார். "பதினேழாவது பொய்யாம். சூப்ப எல்லாரும் நிம்மதியா குடிங்க."

சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை.

"நேத்து இருபத்து நாலாவது கெடச்சுது. இது அசல். மாவட்டம் முழுக்கப் புழங்குதாம். 'லுப்பர்ட் பண்றது'. அர்த்தம், அடுத்தவன் விஷயத்த அவனக் கேக்காம ஊருக்குச் சொல்றது. நான் நாலு மேடைல ஒரு கதை சொன்னேன். அது என் கதை இல்ல. அந்தக் கதைக்குச் சொந்தக்காரன்கிட்ட ஒரு தடவகூட கேக்கல. நேத்து அஞ்சாவது தடவையும் பண்ணேன், ஏணி மேல நின்னுகிட்டு. தப்பு. எனக்கு வெக்கமா இருக்கு. இனிமே அந்தக் கதை என் வாயிலேர்ந்து வராது. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். யான்டினா கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு நிமிஷம் அஞ்சு செகண்ட் இருக்கு லுப்பர்ட்."

"வேணாம்."

எங்கள் ஊரில் கிடைத்த நேரத்தை யாரும் வேண்டாம் என்று சொன்னது கிடையாது. என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. நடுவரிசையில் ஒரு தகப்பன் எழுந்து, "அப்ப எங்க பசங்களுக்கு யாரு சொல்றது? எங்க வீட்டுப் பள்ளத்துல போன வாரமும் ரெண்டு டாங்க் கெடந்துச்சு" என்றார்.

"நான் சொல்றேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

லுப்பர்ட் திரும்பவில்லை. திரும்பப் பயம். காது மட்டும் சூடாயிற்று. கதவோரம் யெல்மர் நின்றான்; பொம்மைக்குக் காது வைக்க வா என்று ஹார்ம் அவனை அழைத்து, அப்படியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டிருந்தார். "அவர் விட்ட ரெண்டு நிமிஷத்த நான் எடுத்துக்கலாமா?"

இப்போதுதான் பெரிய சிக்கல். யான்டினா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒருவர் மிச்சம் வைத்த நேரத்தை இன்னொருவர் எடுக்கலாமா என்று அதில் இல்லை. பின்வரிசை வார்னர், எண்பது வயது, எழுந்து நின்று ஆட்சேபித்தார். "முன்கூட்டியே பேர் குடுத்திருக்கணும். தம்பி மேல எனக்குக் கோவம் இல்ல. விதி மேல மரியாதை." கை தூக்கச் சொன்னார்கள். நூற்று முப்பது கைகள் ஆதரவு, ஒரு கை எதிர்ப்பு. அந்த வாக்கெடுப்புக்கு நாலு நிமிடம் பிடித்தது. லுப்பர்ட்டுக்கு அது நாற்பது வருஷம்.

யெல்மர் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தான்.

"என் பேரு யெல்மர். உங்களுக்கெல்லாம் தெரியும். என்ன தெரியாத ஆளு இந்த மாவட்டத்துலயே கெடையாது." மண்டபம் குலுங்கியது. "அப்பா சொன்னதெல்லாம் நெசம். செருப்பு போட்டிருக்கேனா இல்லையான்னு குனிஞ்சு பாத்துதான் தெரிஞ்சுக்குவேன். பலூன் ஜாலியாதான் இருந்துச்சு, பொய் சொல்லல. அதான் பிரச்சனையே. ஜாலி அரை நிமிஷம், கால் திரும்பி வர மூணு மாசம். எங்கிட்ட வந்து கேளுங்க, யாரு வேணா, சொல்றேன். ஆனா அப்பா நாலு மேடைலயும் ஒண்ண விட்டுட்டாரு."

லுப்பர்ட் தலை தூக்கினார். எதை விட்டோம்? ஒன்றும் விட்ட மாதிரி தெரியவில்லை அவருக்கு.

"ஆறு வாரம், தெனமும் காலையில அஞ்சு மணிக்கு என் ரூமுக்கு வருவாரு. என் ஷூ லேஸக் கட்டுவாரு, எனக்கு விரல்லயும் தெம்பு இல்ல. அப்புறம் என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, அவரு பின்பக்கமா நடப்பாரு, நான் முன்னால. வாசல் வரைக்கும், அப்புறம் ரோடு வரைக்கும், அப்புறம் ஹார்ம் வீட்டுக் கேட் வரைக்கும். ஒருநாள் பின்னால பாக்காம நடந்து பள்ளத்துல விழுந்தாரு, என் கைய மட்டும் விடல. அந்த ஆறு வாரத்துல என்ன ஒரு வார்த்த திட்டல. ஒரு வார்த்த அறிவுரை சொல்லல. இந்த ஊர்லயே அதிகமாப் பேசற மனுஷன் வாயத் தொறக்கல." ஒலிவாங்கியைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். "அந்த அப்பா எனக்கு வேணும். மேடைல பேசறவர எனக்குத் தெரியாது. அவ்வளவுதான்."

நேரம் முடிந்துவிட்டது. யான்டினாவின் கை மணி மேல் இருந்தது. அடிக்கவில்லை. பிற்பாடு கேட்டதற்கு, மணியின் நாக்கு சிக்கிக்கொண்டது என்றார். கணக்கு டீச்சர் சொன்ன ஒரே பொய் அதுதான்.

லுப்பர்ட் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, ஊர் பார்க்க, விசும்பி அழுதார். ரூலி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். முன்வரிசைப் பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். இந்தத் தடவை ஹார்மும் எடுத்தார்.

இந்த நேரத்தில் சும்மா இருக்கத் தெரியாத ஹில்லி உரக்கக் கேட்டார்: "அப்ப நாளைக்குக் கேக் சாப்பிட வருவியாடா?"

"அதையும் மைக்லயே சொல்லணுமா?" என்றான் யெல்மர். மறுபடி மண்டபம் குலுங்கியது.

சிரிப்பு அடங்குவதற்குள் அவன் இறங்கி வந்து, அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, காதருகே வாயை வைத்து ஏதோ சொன்னான். நீளமாகத்தான் சொன்னான். நடுவில் லுப்பர்ட் ஒரு தடவை சிரித்தார், ஒரு தடவை தலையாட்டினார். முன்வரிசை மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கூடம் நிறைய ஆட்கள். வாசலில் ஐம்பது பலூன், இரண்டு காதும் முளைத்த ஆபிரகாம். யெல்மர் வட்டத்தைச் சுற்றி வந்து, வந்தவர்களையும் வாழ்த்துகிற எங்கள் வழக்கப்படி ஒவ்வொருவர் கையையும் பிடித்து, உங்க மச்சானுக்கு வாழ்த்துகள், உங்க அண்டை வீட்டுக்காரருக்கு வாழ்த்துகள் என்று சொல்லிக்கொண்டே போய், கடைசியில் அப்பாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். வானொலிப் பெண் போன் போட்டாள், நேற்று மகன் உங்கள் காதில் என்ன சொன்னான், நேயர்கள் கேட்கிறார்கள் என்று. ஹில்லி கேட்டார். ஹார்ம் கேட்டார். முந்தின இரவு படுக்கையில் ரூலியே கேட்டுப் பார்த்திருக்கிறார். கேக்கை எனக்கு நீட்டியபோது நானும் கேட்டேன்.

"அத அவன்கிட்ட கேளுங்க" என்றார் லுப்பர்ட், அடுத்த தட்டை எடுத்துக்கொண்டே.